சூப்பர் கம்ப்யூட்டருக்கு முன்பே கணக்குப் போட்ட சந்திரசேகர்: 30 ஆண்டுகள் காத்திருந்த விடை

சூரியனை ஆராய இஸ்ரோ 2023 செப்டம்பர் 2-ல் அனுப்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி. சங்கரன்கோவில் இருக்கும் அதே தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டைக்காரர். அந்த விண்கலம் பார்ப்பது, காந்தப்புலத்தோடு பின்னிக்கிடக்கும் கொதிக்கும் வாயுவை. இப்படிப்பட்ட வாயு எப்போ நிலைகுலையும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டவர் இன்னொரு தமிழர், சுப்ரமணியன் சந்திரசேகர்.

யார் இவர்?

1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். படித்தது சென்னை மாநிலக் கல்லூரி. சர் சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா. 1930-ல் கேம்பிரிட்ஜ் போனார். 1935-ல் லண்டன் கூட்டம் ஒன்றில், வெள்ளைக் குள்ள விண்மீன்களின் எடைக்கு உச்ச வரம்பு உண்டு என்ற அவரது முடிவை எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் நிராகரித்தார். சந்திரசேகர் சண்டையை நீட்டவில்லை. அமெரிக்கா போய், 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு துறையில் சில வருஷம் மூழ்குவது, பெரிய புத்தகம் ஒன்றை எழுதுவது, அடுத்த துறைக்கு நகர்வது. அதுதான் அவர் ஸ்டைல்.

காந்தப் பாய்மம்னா என்ன?

மின்சாரம் கடத்தும் வாயுவோ திரவமோ ஓடும்போது காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு போகும். காந்தப்புலம் ரப்பர் பேண்ட் மாதிரி அதைத் திருப்பி இழுக்கும். இந்த இழுபறியைச் சொல்லும் சமன்பாடுகளைத் தீர்ப்பது ரொம்பக் கஷ்டம்.

1950-களில் சந்திரசேகர் இதில் இறங்கினார். எண்களைப் போட்டு விடை எடுக்கும் வேலையைச் செய்தவர் டோனா எல்பர்ட். 1948-ல் சேர்ந்து சுமார் 30 ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தவர். அன்றைக்கு 'கம்ப்யூட்டர்' என்பது இப்படிக் கணக்குப் போடும் மனிதர்களுக்கும் பெயர்.

1960-ல் ஒரு முக்கிய முடிவு வந்தது. சுழலும் பாய்மம் தானாக நிலையாக இருந்தாலும், அதில் பலவீனமான காந்தப்புலம் சேர்ந்தாலே நிலைகுலையலாம். சோவியத் விஞ்ஞானி வெலிகோவ் 1959-லேயே இதைச் சொல்லியிருந்தார். 1961-ல் சந்திரசேகரின் புத்தகத்திலும் இது வந்தது. ஆனா விண்ணியலில் இதன் அருமை அப்போது யாருக்கும் புரியவில்லை.

30 ஆண்டு கழித்து...

கருந்துளையைச் சுற்றும் வாயு, சுற்றிக்கொண்டே இருக்காமல் ஏன் உள்ளே விழுகிறது? 1991-ல் பால்பஸ், ஹாலி இருவரும் விடை சொன்னார்கள்: அதே காந்த நிலைகுலைவுதான். கம்ப்யூட்டர் சிமுலேஷனிலும் காட்டினார்கள். வாயுவைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நொடிக்கு நொடி கணக்குப் போடும் முறை அது. தட்டு பிரம்மாண்டம், உள்ளே சுழிகளோ மிகச் சிறியவை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் கோடிக்கணக்கான கட்டங்கள் வேண்டும். இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர்களும் இதில் திணறுகின்றன.

சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது, விண்மீன் ஆய்வுகளுக்காக. 1995 ஆகஸ்ட் 21-ல் மறைந்தார். 1998-ல் நாசா தனது எக்ஸ்-ரே தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயர் வைத்தது.

டோனா எல்பர்ட்டுக்கு அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. சுழலும் காந்தப் பாய்மத்தில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற ஆய்வில் ஒரு பகுதிக்கு 2022-ல் 'எல்பர்ட் வரம்பு' என்று விஞ்ஞானிகள் பெயரிட்டனர். அவர் இறந்து 3 ஆண்டுகள் ஆகியிருந்தன.