ஓலே ஓல்சன் (1863 – 1943)

அறிமுகம்
டென்மார்க் வட ஐரோப்பாவிலுள்ள ஒரு சிறிய நாடாகும். அந்நாட்டு மொழியைப் பிறநாட்டார் அதிகம் அறியார். எனினும் 1910 ஆம் ஆண்டளவில் டென்மார்க்கின் திரைப்படங்கள் ஐரோப்பாவெங்கும் விரும்பிப் பார்க்கப்பட்டன. இதற்கு வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் ஓலே ஓல்சன்.

இளமை
இவர் 1863 மே 5 இல் கிராமமொன்றில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். சிறுவயதிலேயே மாடு மேய்க்கச் சென்றமையால் போதிய கல்வியைப் பெறவில்லை. பின்னர் ஊர் ஊராகச் சென்று வேடிக்கைக் காட்சிகளை நடத்தினார். மக்கள் எதை விரும்பிப் பார்ப்பர் என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார்.

திரைப்படத்துறைப் பிரவேசம்
1905 இல் கொப்பன்ஹேகன் நகரில் படமாளிகையொன்றைத் திறந்தார். 1906 இல் நோர்டிஸ்க் திரைப்படக் கம்பனியை நிறுவினார். பூகோளத்தின் மீது நிற்கும் பனிக்கரடி இதன் இலச்சினையாகும்.

சிங்க வேட்டை
1907 இல் இப்படத்திற்காக இரு முதிய சிங்கங்களை வாங்கினார். அவற்றைக் கொல்வதை நீதி அமைச்சர் தடைசெய்தார். எனினும் படப்பிடிப்பின்போது சிங்கங்கள் சுடப்பட்டன. இதனால் படம் டென்மார்க்கில் தடைசெய்யப்பட்டது. ஓல்சன் தமது படமாளிகை அனுமதிப்பத்திரத்தையும் இழந்தார். ஆயினும் 259 பிரதிகள் விற்பனையாகின. பெரும் இலாபம் தந்த இப்படமே உயிர்வதை என்னும் பழியையும் தேடித்தந்தது.

வெற்றிக்கான காரணம்
மௌனப்படத்தில் வசனம் ஒலிப்பதில்லை. காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் மொழிபெயர்த்தால் எந்நாட்டிலும் காட்டலாம். எனவே சிறிய மொழி தடையாக அமையவில்லை. 1911 இலிருந்து நோர்டிஸ்க் நீண்ட கதைப்படங்களில் அதிக கவனம் செலுத்தியது. கப்பல் மூழ்கும் காட்சியைக் கொண்ட ‘அட்லாண்டிஸ்’ (1913) இவற்றுட் குறிப்பிடத்தக்கது.

வீழ்ச்சி
உள்நாட்டுச் சந்தை சிறிதாகையால் கம்பனி வெளிநாடுகளையே நம்பியிருந்தது. முதலாம் உலகப்போர் (1914–1918) அச்சந்தைகளைக் குலைத்தது. 1917 இல் ஜேர்மனியிலிருந்த அதன் படமாளிகைகளும் நிறுவனங்களும் புதிதாக அமைக்கப்பட்ட யூஃபா நிறுவனத்திற்குக் கைமாறின. அவ்வாண்டுப் புரட்சியால் ரஷ்யச் சந்தையும் இழக்கப்பட்டது. 1924 இல் ஓல்சன் கம்பனியை விட்டு விலகினார். 1943 இல் காலமானார். 1929 இல் மறுசீரமைக்கப்பட்ட நோர்டிஸ்க் இன்றும் இயங்கி வருகின்றது.

முடிவுரை
எழுத்தறிவு குறைந்த மாட்டுக்காரச் சிறுவன் ஒரு நாட்டின் கலைத்தொழிலை உலகறியச் செய்தமை இவரது சாதனையாகும். மொழியின் எல்லையைக் கடந்த அத்தொழிலால் போரின் எல்லையைக் கடக்க முடியவில்லை என்பதும் நாம் அறியவேண்டிய பாடமாகும்.

வினாக்கள்
1. நோர்டிஸ்க் கம்பனி நிறுவப்பட்ட ஆண்டு யாது?
2. சிறிய மொழி ஓல்சனுக்குத் தடையாகாமைக்கான காரணத்தை விளக்குக.
3. கம்பனியின் வீழ்ச்சிக்கான காரணங்கள் இரண்டு தருக.
4. ‘சிங்க வேட்டை’ தயாரிக்கப்பட்ட முறை ஏற்கத்தக்கதா? உமது கருத்தை எழுதுக.