மார்ஷல் விற்காத பதவி

இரண்டாம் உலகப் போரைக் கற்பிக்கும்போது ஜோர்ஜ் மார்ஷலின் பிற்காலத்தையும் மாணவர்களுக்குச் சொல்வேன். 1880இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1939 முதல் 1945 வரை அமெரிக்கத் தரைப்படையின் தலைமை அதிகாரியாக இருந்தார். போர் முடிந்ததும் நினைவுக்குறிப்பு எழுதித் தருமாறு பதிப்பாளர்கள் பெருந்தொகை பேசினார்கள். அவர் இறுதிவரை எழுதவில்லை. இராஜாங்கச் செயலாளர், செஞ்சிலுவைச் சங்கத் தலைவர், பாதுகாப்புச் செயலாளர் என்று பொதுப்பணியிலேயே தொடர்ந்தார். 1953இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்று, 1959இல் காலமானார்.

அவரது சமகாலத்தவரான ஜெனரல் மக்ஆர்தரோ 1952இல் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் தலைவரானார். அந்நிறுவனம் போர்க்காலத்தில் இராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி செய்து கொடுத்தது.

உழைத்துச் சம்பாதிப்பது தவறா சேர் என்று ஒரு மாணவன் கேட்டான். தவறில்லை. ஆனால் தளபதியின் அறிமுகமும் செல்வாக்கும் மக்கள் கொடுத்த அமானிதம். அதை விலைபேசலாமா என்பதுதான் கேள்வி.

இன்று அமெரிக்கச் சட்டப்படி, ஓய்வுபெற்ற ஜெனரல்களும் லெப்டினன்ட் ஜெனரல்களும் 2 வருடங்களுக்குத் தனியார் நிறுவனங்களுக்காகப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் பரிந்துபேச முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் செல்வாக்கு 2 வருடத்தில் தீர்ந்துவிடாது. மார்ஷலைத் தடுத்தது சட்டமல்ல, மனச்சாட்சி. அதைப் பாடசாலையில்தான் விதைக்க வேண்டும்.