சான்றே வழிகாட்டி: சர் ஜதுநாத் சர்க்கார்

ஒரு பொருளைப் பல நிலைகளில் நின்று நோக்கினாலன்றி அதன் உண்மை புலப்படாது என்பது அநேகாந்தம் உணர்த்தும் நெறி. சமணர் அல்லராயினும், அந்நெறிக்கு இசைய வரலாற்றை ஆராய்ந்தவர் சர் ஜதுநாத் சர்க்கார்.

வங்காளத்தின் இராஜ்சாகி மாவட்டத்தில், கரச்மாரியா என்னும் சிற்றூரில் 1870 டிசம்பர் 10 அன்று அவர் பிறந்தார். 1892இல் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆங்கில முதுகலைத் தேர்வில் முதல் வகுப்பில் முதலிடம் பெற்றார். ஆங்கில ஆசிரியராகவே பணி தொடங்கினும் அவருள்ளம் வரலாற்றையே நாடிற்று.

ஔரங்கசீப்பின் வரலாற்றை எழுதப் புகுந்த அவர், ஒரு தரப்பாரின் நூல்களோடு அமையவில்லை. பாரசீகமும் மராத்தியும் கற்றார். முகலாய அரசவைக் குறிப்புகளை மராத்தியர் ஆவணங்களோடும், அவ்விரண்டையும் ஐரோப்பியர் எழுதிவைத்தவற்றோடும் ஒப்பிட்டார். நண்பர் சர்தேசாயுடன் பழைய கோட்டைகளையும் போர்க்களங்களையும் நேரிற் சென்று கண்டார். 1912இல் வெளிவரத் தொடங்கிய அந்நூல், 1924இல் ஐந்து தொகுதிகளாக நிறைவுற்றது.

உண்மைக்கு அவர் தந்த விலையும் உண்டு. 1919இல் சிவாஜியைப் பற்றிய நூலை வெளியிட்டார். அம்மாவீரரை உளமார மதித்தவரே எனினும், சான்றில்லாக் கதைகளை ஏற்க மறுத்தார். மராட்டிய அறிஞர் பலரின் மனக்கசப்புக்கு ஆளானார். ஔரங்கசீப்பைப் பற்றிய அவர்தம் தீர்ப்பு கடுமையானது என்பாரும் உளர். மாறுபடுவோரும் அவர் திரட்டிய ஆவணங்களைப் புறக்கணிக்க இயலவில்லை.

பாட்னா, காசி, கட்டாக் ஆகிய நகரங்களில் கற்பித்த அவர், 1926 முதல் 1928 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். உயர்கல்வியின் தரம் தாழலாகாது என்பதே அவர் கொள்கை. பதவிக்காலம் முடிந்ததும் ஆய்வுக்கே திரும்பினார். 1929இல் சர் பட்டம் பெற்றார்.

முகலாயப் பேரரசின் வீழ்ச்சியை நான்கு தொகுதிகளில் எழுதும் பணி 1932 முதல் 1950 வரை நீண்டது. இடையே, கல்கத்தாக் கலவரத்தில் மகனைப் பறிகொடுத்தார். ஆறாத் துயரிலும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. எண்பதாம் அகவையை எட்டும் வேளையில் இறுதித் தொகுதியை நிறைவு செய்தார். 1958 மே 19 அன்று மறைந்தார்.

தமிழ்ச் சமணரின் வரலாறும் குன்றுகளின் கல்வெட்டுகளிலும், இல்லங்களின் ஏட்டுச்சுவடிகளிலும் அடங்கிக் கிடக்கின்றது. செவிவழிச் செய்தியோடு அமையாமல் அவற்றைக் காத்து, படித்து, ஒப்புநோக்குவது இளந்தலைமுறையின் கடன். பத்து அறங்களுள் ஒன்றாகிய உத்தம சத்தியம், நாவிற்கு மட்டுமன்றி எழுதுகோலுக்கும் உரியது. அதற்கு ஜதுநாத் சர்க்காரின் வாழ்வே சான்று.