ஷெர்ப்பா டென்சிங்

ஷெர்ப்பா என்னும் சொல்லுக்குக் கீழ்த்திசை மக்கள் என்பதே பொருள். மலையேற வந்த வெள்ளையரோ அதனைச் சுமைகூலியின் பெயராக்கினர். பிறப்பையே தொழிலாக்கும் இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. பௌத்தரான டென்சிங் நார்கே 1914-இல் பிறந்தவர், எழுத்தறியாதவர், 1935-இல் சுமைகூலியாகவே எவரெஸ்டுக்குச் சென்றார். 1952-இல் சுவிட்சர்லாந்துக்காரரான லாம்பெர் அவரைத் தோழராக ஏற்று, படுக்கைப் பையுமின்றி ஒரே கூடாரத்தில் குளிரைப் பகிர்ந்துகொண்டார். மறு ஆண்டு காட்மாண்டில், டென்சிங்குக்குக் கட்டில் தர முன்வந்த பிரிட்டிஷ் தூதரகத்தார், ஏனைய ஷெர்ப்பாக்களைக் கழிப்பிடமற்ற கார்க் கொட்டகையின் தரையில் படுக்க வைத்தனர். மறுநாள் அவர்கள் தூதரகத்தின் முன்பே சிறுநீர் கழித்துத் தம் எதிர்ப்பைக் காட்டினர். நாம் அதனைக் குறை கூறோம். மே 29-இல் ஹில்லாரியுடன் சிகரமடைந்த டென்சிங், தின்பண்டங்களைப் பனியில் புதைத்துக் காணிக்கையிட்டார். ஹில்லாரிக்குச் சர் பட்டம். இவருக்கு ஜார்ஜ் பதக்கம். 1954-இல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சிக் கழகம் தோன்றியபோது களப்பயிற்சி இயக்குநரானார், 1986-இல் மறைந்தார். சுமை தூக்கிய ஷெர்ப்பாக்கள் அக்கழகத்தில் ஆசான்களாயினர்.