மெக்கானிக்கல்காரர் செய்த இரண்டு கெமிஸ்ட்ரி

இன்ஜின் நாக்கிங் பத்தி நாம எல்லாரும் பாடத்துல படிச்சிருப்போம். நூறு வருஷத்துக்கு முன்னாடி கார் கம்பெனிகளுக்கு அது பெரிய தலைவலி. அதைத் தீர்த்து வைத்தவர் தாமஸ் மிட்ஜ்லி.

1889-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் முடித்தார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் வேலை பார்த்தபோது, பெட்ரோலில் ஒவ்வொரு பொருளாகக் கலந்து சோதித்தார். 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கொஞ்சம் சேர்த்ததுமே நாக்கிங் அடங்கியது.

எத்தனால் கலந்தாலும் நாக்கிங் குறையும்னு அவருக்குத் தெரியும். ஆனா எத்தனாலை யார் வேணும்னாலும் தயாரிக்கலாம். ஈயக் கலவைக்குத்தான் பேட்டன்ட் கிடைக்கும். ஈயம் விஷம்ங்கிறதும் அன்னிக்கே தெரிஞ்ச விஷயம். அதனால் பெயரில் ஈயமே வராமல் ‘எத்தில்’ என்று வைத்து, 1923-ல் விற்பனைக்கு விட்டார்கள். அந்த வருஷமே மிட்ஜ்லி உடம்பில் ஈயம் ஏறி ஓய்வெடுக்கப் போனார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலையில் அஞ்சு தொழிலாளிகள் இறந்தாங்க. சில நாளிலேயே நிருபர்களைக் கூட்டி, அதே திரவத்தைக் கையில் ஊற்றி, மோந்தும் காட்டினார் மிட்ஜ்லி! 1925-ல் நின்ற விற்பனை அடுத்த வருஷமே மறுபடி தொடங்கியது.

அடுத்தது ஃபிரிட்ஜ். அப்போ அதுல அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு மாதிரி வாயுக்கள்தான்; கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928-ல் மிட்ஜ்லி குழு ஃப்ரியானைத் தயாரித்தது. விஷமில்லை, தீப்பிடிக்காது. 1930-ல் அதை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார். இந்த முறை அவர் எதையும் மறைக்கலை. அது ஓசோனை அழிக்கும்னு மோலினாவும் ரோலண்டும் சொன்னது 1974-லதான்.

1940-ல் போலியோவால் படுத்தவர், தன்னைத் தூக்கி உட்கார வைக்கக் கயிறும் கப்பியும் வைத்து ஓர் அமைப்பு செய்தார். 1944-ல் அந்தக் கயிறே கழுத்தை இறுக்கி இறந்தார். வயது 55.

கணக்கு போட்டுப் பாருங்க. யாருக்கும் தெரியாம நடந்தது ஃப்ரியான் தவறு. எச்சரிக்கை வந்த 13 வருஷத்தில், 1987-ல், மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்துடுச்சு. தெரிஞ்சே செஞ்சது ஈயத் தவறு. அது இந்தியாவில் 2000 வரைக்கும் விற்றது. கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021-ல். கிட்டத்தட்ட நூறு வருஷம்!

நாளைக்கு நாம சேர்ற கம்பெனியிலயும் டெஸ்ட் ரிப்போர்ட் முதல்ல நம்ம கைக்குத்தான் வரும்.