ஒரு சொல்லும் பிசகாமல்



அர்ச்சியசிஷ்ட சவேரியாரின் புதுமைகளைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் அவர் ஞான உபதேசம் கற்பித்த விதத்தை அவ்வளவாக நினைப்பதில்லை. இவ்வாரம் அதைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

அவர் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி நவார் நாட்டில் சவேரியார் கோட்டையில் பிறந்தார். பாரீஸ் சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றார். அங்கேதான் அர்ச். இஞ்ஞாசியாரின் நட்பு கிடைத்தது. உலகப் பெருமையை விட்டுவிட்டு, 1542-ம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கினார். அவ்வாண்டு முடியுமுன்னே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்.

அங்கே அவர் கண்டது என்ன? பரதவ குல மக்கள் 1535-ம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கற்பிக்க ஆள் இல்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். எதை விசுவசிக்கிறோம் என்பது தெரியாது. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது.

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. தமிழும் போர்த்துக்கேசியமும் அறிந்த சிலரைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றை மிகுந்த பிரயாசத்தோடு தமிழில் எழுதச் செய்தார். பாரீஸில் படித்த அந்தப் பெரியவர் சிறு பிள்ளையைப்போல அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்து, தெருத்தெருவாய் அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். பிள்ளைகள் கோவிலில் கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவையும் சொன்னபின், இதை விசுவசிக்கிறீர்களா என்று சபையைக் கேட்பார். அவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்து, ஆம் என்பார்கள்.

ஊர் ஊராக மந்திரங்களின் பிரதியைக் கொடுத்து, காலையும் மாலையும் சொல்லச் செய்தார். தாம் இல்லாதபோது கற்பிக்கக் கணக்கப்பிள்ளைமாரை நியமித்தார். போர்த்துக்கல் இராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கடற்கரையிலிருந்து போய்வந்த பணத்தைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று இருக்க வேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் நுழைந்திருந்தது. 1544-ம் ஆண்டு சவேரியார் இதைக் கண்டுகொண்டார். உடனே தம் துணைவர் மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, அந்தச் சொல்லை மாற்றிக் கற்பிக்கும்படி சொன்னார். நாடெங்கும் தாமே பரப்பிய ஜெபத்தில் பிழை என்று ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை.

ஒரு சொல்லுக்கா இவ்வளவு கவலை என்று கேட்பீர்கள். வேணும் என்கிறவன் தன் ஆசையைச் சொல்கிறான். விசுவசிக்கிறேன் என்கிறவனோ, சர்வேசுரன் வெளிப்படுத்தின சத்தியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! கடிதம் கொண்டுபோகிறவன் அதில் ஒரு வரியை மாற்றலாமா? உபதேசம் சவேரியாருடையது அல்ல, ஆண்டவருடையது. அதைக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே தம் வேலை என்று அவர் அறிந்திருந்தார்.

பின்னர் அவர் மலாக்கா, மொலுக்காத் தீவுகள், ஜப்பான் என்று போய், 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி சீனாவின் கரையோரம் சான்சியான் தீவில் உயிர் துறந்தார். இங்கே அவர் விட்டுச்சென்ற வேலையை அண்டிரிக் அடிகளார் தொடர்ந்தார். அவர் தமிழை நன்றாய்க் கற்று எழுதிய தம்பிரான் வணக்கம் 1578-ம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. ஆனால் அச்சுப் புத்தகம் வருமுன்னே, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த உபதேசத்தைக் காத்தது யார்? கணக்கப்பிள்ளைமாரின் நாவும், தாய்மாரின் நாவும், பிள்ளைகளின் நாவுமே.

பெற்றோரே, இன்று அந்தப் பொறுப்பு உங்களுடையது. புத்தகம் வீட்டில் இருக்கிறது. ஆனால் மாலை ஜெபம் இருக்கிறதா? உங்கள் பிள்ளை மந்திரத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால், சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அன்போடு திருத்துங்கள். சொல்லின் பொருளையும் கேளுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் உபதேசியாரிடமோ என்னிடமோ வந்து கேளுங்கள். பாரீஸ் பட்டதாரி ஒருவர் தெருவில் மணியடித்துக் கற்றுக்கொடுத்தாரே. நமக்கு இதில் என்ன வெட்கம்?

இன்று இரவே குடும்பமாய் முழந்தாளிட்டு, விசுவாசப் பிரமாணத்தை ஒரு தடவை நிதானமாய்ச் சொல்லுங்கள். விசுவசிக்கிறேன் என்ற சொல் வரும்போது, அது நம்மிடம் சரியாய் வந்து சேர எத்தனை பேர் பாடுபட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதை அப்படியே உங்கள் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு