படுதா எழுதிய கை

உங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் ஒரு பழைய காலண்டர் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். மீனாட்சி கல்யாணமாக இருக்கலாம். முருகனாக இருக்கலாம். பின்னால் ஒரு மண்டபம், நீல மலை, மேகம்.

படத்தின் அடியில் ஓரமாகப் பாருங்கள். சி.கொண்டைய ராஜு என்ற பெயர் இருக்கலாம்.

யார் இந்தக் கொண்டைய ராஜு? காலண்டருக்குப் படம் எழுதும் முன் அவர் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர்!

1898-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில் படித்தார். 1850-ல் தொடங்கிய பெரிய பள்ளி அது. வெள்ளைக்காரர் முறையில் ஒளி, நிழல், தூரம், கிட்டம் எல்லாம் அங்கே கற்றுக்கொண்டார்.

படித்தவர் உத்தியோகத்துக்குப் போனாரா? இல்லை. வாலிப வயதில் உலகம் கசந்தது. திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியிடம் தங்கினார். ஆனால் தூரிகை அவரை விடவில்லை. திரும்பி வந்தார். கல்யாணம் மட்டும் கடைசி வரை செய்துகொள்ளவில்லை.

பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதும் வேலை.

படுதா எப்படி எழுதுவார்கள்?

பார்சி நாடகக்காரர்கள் காட்டிய வழியில், தமிழ் நாடக மேடைக்கும் வர்ணப் படுதா வந்தது. தெரு சீன், தர்பார் சீன், காடு, நந்தவனம் என்று கம்பெனிக்குப் பல படுதாக்கள் வேண்டும். தர்பார் படுதா ஒன்று இருந்தால் போதும். அரிச்சந்திரனும் அதில் ஆளலாம், இரணியனும் ஆளலாம்!

திருப்பூர்-பல்லடம் ரோட்டில் அருள்புரம் இருக்கிறது. பனியனும் சாயமும் பிழைப்பான ஊர். படுதா விஷயம் அந்த ஊர்க்காரருக்குச் சட்டென்று புரியும். எல்லாம் துணியும் சாயமும்தானே!

பருத்தித் துணியை அகலமாகத் தைப்பார்கள். சட்டத்தில் இழுத்து அடிப்பார்கள், அல்லது தரையில் விரிப்பார்கள். பாவுக்குக் கஞ்சி போடுவதுபோல் அதற்குப் பசை பூசுவார்கள். தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசைதான். மேலே வெள்ளைப் பூச்சு. காய்ந்த பிறகு, வர்ணப் பொடியைச் சூடான பசை நீரில் குழைத்து எழுதுவார்கள்.

ஏன் எண்ணெய் வர்ணம் கூடாது? விளக்கு வெளிச்சம் பட்டால் அது பளபளக்கும், கண் கூசும். சுருட்டினால் கனக்கும், வெடிக்கும். பசை வர்ணம் மங்கலாக, அழகாக நிற்கும். இதிலும் ஒரு தொல்லை உண்டு. ஈரத்தில் கறுப்பாகத் தெரிவது காய்ந்தால் வெளுத்துவிடும். ஈரத் துணியைப் பார்த்துச் சாயத்தை எடைபோடக் கூடாது என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். அதே கணக்குத்தான்.

பக்கத்தில் நின்று பார்த்தால் படுதா வெறும் திட்டுத் திட்டாக இருக்கும். கொட்டகையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்தான் தூண் தூணாகும், இலை இலையாகும். தெருவின் இரண்டு ஓரமும் போகப் போக நெருங்குவதுபோல் கோடு இழுக்க வேண்டும். பத்தடி ஆழ மேடையில் ஒரு மைல் நீளத் தெரு தெரியும்! ராஜு பள்ளியில் படித்த வித்தை இங்கே சோறு போட்டது.

கம்பெனி கலைந்தது

ஆனால் 1931-ல் தமிழ் பேசும் படம் வந்துவிட்டது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமாக் கொட்டகைகள் ஆயின. 1942 வாக்கில் ராஜு இருந்த கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. ஊர் புதிது. வேலை போயிற்று. கூடவே சீடர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் வயிறு உண்டல்லவா?

அவர் சென்னைக்குத் திரும்பவில்லை. கோவில்பட்டியிலேயே தங்கினார். போட்டோ ஸ்டூடியோக்களில் பின்னால் தொங்குமே, மாளிகையும் பூந்தோட்டமும் எழுதிய திரை, அதுவும் படுதாதானே! சீடர்களோடு ஸ்டூடியோ தொழிலிலும் இறங்கினார். சாமி படங்களும் எழுதினார்.

பக்கத்தில் சிவகாசி. அச்சுத் தொழில் அங்கே வளர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் வாடிக்கைக்காரர்களுக்குக் காலண்டர் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் படம் வேண்டுமே! ராஜுவின் படங்கள் அச்சேறின.

அந்தப் படங்களை மறுபடி கவனியுங்கள். சாமி நடுவில், நேராக நம்மைப் பார்த்து நிற்கும், மேடைக்கு வந்த ராஜபார்ட்டைப்போல! பக்கத்தில் தூண்கள், பக்கத் தட்டிகள்போல. பின்னால் தூரத்து மலை, படுதாபோல. கோயில் கருவறை இருட்டில் தள்ளி நின்று பார்த்த தெய்வம், காசில்லாமல் குடிசைச் சுவருக்கே வந்தது. இதைப் பெரிய ஓவியக் கலை அல்ல என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. கோயிலுக்குள்ளேயே விடாமல் தடுக்கப்பட்டவர்களின் வீட்டிலும் இந்தப் படம் இருந்தது.

டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம், செண்பகராமன் ஆகியோர் அவருடைய சீடர்கள். பல படங்களில் குருவின் பெயரோடு சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. எத்தனை குருமார் இதற்குச் சம்மதிப்பார்கள்?

1976-ல் கொண்டைய ராஜு காலமானார். நாடகப் படுதாவுக்கு ஆயுள் குறைவு. சுருட்டிச் சுருட்டி வர்ணம் உதிரும். மழையில் நனைந்தால் பசை கரையும். காலண்டர் படம் அப்படி அல்ல. தேதி முடிந்ததும் அடிக்காகிதத்தைக் கிழித்துவிட்டு, படத்துக்கு மட்டும் சட்டம் போட்டு மாட்டினார்கள்.